போர்வையில் தைத்த மூன்று வளையங்கள்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

தையல் வகுப்பில் நாம் எல்லோரும் ஒரு மாதிரித் துணி தைத்திருக்கிறோம். முதல் வரிசை ஓட்டுத் தையல், அடுத்தது காம்புத் தையல், அதன் கீழ் சங்கிலித் தையல், நடுவில் ஒரு பூக்கூடை, மூலையில் நம் பெயரின் முதல் எழுத்து. ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டிலும் நம் வயதுப் பெண்கள் இவ்வாறே மாதிரித் துணி தைத்துப் பழகினார்கள். அவர்கள் தைத்த துணிகளுள் பல இன்று அந்நாட்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கப்படுகின்றன. எழுத்துக்கள், எண்கள், ஒரு வீடு, இரண்டு மரங்கள், ஒரு பறவை என்று அவற்றுள் பெரும்பாலானவை நம்முடையவற்றைப் போலவே இருக்கும்.

ஆனால் அதே காலத்துத் துணிகள் சிலவற்றில் நாம் எதிர்பாராத உருவங்களைக் காணலாம். திறந்த கண் ஒன்று, உள்ளங்கையில் வைத்த இதயம், ஒன்றோடொன்று கோத்த மூன்று வளையங்கள், தேன்கூடு, மணற்கடிகாரம், சவப்பெட்டி ஆகியவை அவை. நம் ஜியோமிதிப் பெட்டியில் கிடக்கும் கவராயங்கூட அங்கே பட்டுநூலில் மின்னுகிறது. படுத்துறங்கும் போர்வையில் சவப்பெட்டி எதற்கு? இவற்றைத் தைத்தவர்கள் யார், ஏன் தைத்தார்கள் என்பதையே இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

இந்த உருவங்கள் யாவும் சகோதரச் சங்கங்கள் எனப்படும் ஆடவர் சங்கங்களின் சின்னங்கள் ஆகும். அவற்றுள் இரண்டை மட்டும் அறிந்துகொண்டால் நமக்குப் போதும். முதலாவது பிரீமேசன் சங்கம். 1717ஆம் ஆண்டு இலண்டனில் இதன் முதல் பெருமன்றம் அமைந்தது. கல்வேலை செய்யும் கொத்தர்களின் கருவிகளையே இவர்கள் தங்கள் ஒழுக்கப் பாடங்களுக்கு அடையாளமாகக் கொண்டனர். மூலைமட்டம் நேர்மையைக் குறிக்கும். தூக்குக்குண்டு நிமிர்ந்த நடத்தையைக் குறிக்கும். கொத்தனார் கரண்டி அன்பு என்னும் சாந்தைப் பூசும். மூலைமட்டமும் கவராயமும் கோத்த சின்னத்தைச் சென்னை எழும்பூரில் உள்ள பிரீமேசன் மண்டபத்தின் வழியாகச் சென்றவர்கள் கண்டிருக்கக் கூடும். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1752இல் இச்சங்கத்தில் சேர்ந்தவர். 1793 செப்டம்பர் 18ஆம் நாள் அந்நாட்டுப் பாராளுமன்றக் கட்டடத்துக்கு அவர் அடிக்கல் நாட்டியதும் பிரீமேசன் சடங்குப்படியே.

இரண்டாவது ஆட்பெலோஸ் சங்கம். இங்கிலாந்தில் தோன்றி அமெரிக்காவுக்கு வந்த சங்கம் இது. பால்டிமோர் நகரில் 'ஏழு நட்சத்திரங்கள்' என்னும் பெயருடைய ஒரு விடுதியில் 1819 ஏப்ரல் 26ஆம் நாள் தாமஸ் வைல்டி என்பவரும் வேறு நால்வரும் கூடி இதைத் தொடங்கினர். பிரீமேசன் சங்கத்தில் செல்வரும் படித்தவரும் மிகுதி என்றால், இங்கே தொழிலாளரும் சிறு கடைக்காரரும் மிகுதியாகச் சேர்ந்தனர். நட்பு, அன்பு, உண்மை என்னும் மூன்றையும் குறிப்பவையே அந்த மூன்று வளையங்கள். நோயுற்றோரைச் சந்தித்தல், துன்புற்றோருக்கு உதவுதல், இறந்தோரை அடக்கம் செய்தல், அநாதைகளுக்குக் கல்வி அளித்தல் ஆகிய நான்கும் உறுப்பினரின் கடமைகள். மறைக்கல்வி வகுப்பில் இரக்கச் செயல்களை மனப்பாடம் செய்த நமக்கு இந்தப் பட்டியல் புதிதாகத் தோன்றாது.

அக்காலத்தில் இரண்டு சங்கங்களிலும் பெண்களுக்கு இடம் இருக்கவில்லை. மன்றத்தின் கதவு மூடிய பின்னரே கூட்டம் நடைபெறும். ஆயினும் அம்மன்றத்துக்குள் கட்டிச் செல்லும் மேலங்கியும், சுவரில் தொங்கும் கொடியும், வீட்டில் விரித்த போர்வையும் பெரும்பாலும் மனைவியர், மகளிர், சகோதரியர் ஆகியோரின் கைவேலையாகவே இருந்தன. உள்ளே செல்ல உரிமையில்லாதவர்கள் உள்ளே உள்ளவற்றின் சின்னங்களைத் தைத்தார்கள். இதை எண்ணிப் பார்த்தால் நமக்குச் சற்றுக் கோபங்கூட வரும். ஆனால் அவர்கள் வெறும் ஏவலுக்காகத் தைக்கவில்லை என்பதே நமது கருத்து. அதற்குக் காரணத்தை அக்காலத்துக் குடும்பங்களின் நிலையில் தேட வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தொழிலாளி ஒருவன் நோயில் விழுந்தால் அன்றே கூலி நின்றுவிடும். அரசு அவனுக்கு எதுவும் தராது. ஆயுள் காப்பீடு செய்துகொள்வது ஏழைகளுக்கு எட்டாத காரியம். அவன் இறந்தால் விதவையானவள் உறவினர் தயவில் வாழ வேண்டும்; இல்லையேல் ஊர் நடத்தும் ஏழை விடுதிக்குப் பிள்ளைகளுடன் செல்ல வேண்டும். இந்நிலையில் ஆட்பெலோஸ் சங்கம் ஓர் ஏற்பாடு செய்தது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒழுங்காகச் சந்தா கட்டினார்கள். எவரேனும் நோயுற்றால் வாரந்தோறும் ஒரு தொகை வீட்டுக்கு வந்தது. இறந்தால் அடக்கச் செலவைச் சங்கம் ஏற்றது. விதவைக்கும் அநாதைகளுக்கும் தனி நிதி இருந்தது. இது பிச்சையன்று, கட்டிய சந்தாவுக்குரிய உரிமை என்பதைக் கவனிக்க வேண்டும். 1897இல் ஓர் அமெரிக்க ஏட்டில் வெளியான கணக்கின்படி ஆட்பெலோஸ் உறுப்பினர் மட்டும் 8 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர் என்றால், எத்தனை குடும்பங்கள் இந்த ஏற்பாட்டை நம்பியிருந்தன என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே போர்வையில் தைத்த மூன்று வளையங்கள் கணவனுக்கு ஒரு பெருமைச் சின்னம். மனைவிக்கோ, நாளை அவன் இல்லாமற் போனாலும் பிள்ளைகள் தெருவில் நிற்கமாட்டார்கள் என்ற உறுதிச்சீட்டு. மணற்கடிகாரத்தையும் சவப்பெட்டியையும் அவள் அஞ்சாமல் தைத்ததற்கும் இதுவே காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. மன்றத்தில் அவை மனிதர் ஒருநாள் இறப்பர் என்று நினைவூட்டும் பாடங்களாக இருந்தன. அந்தப் பாடம் வீட்டிலிருந்தவளுக்குத் தெரியாததா?

இனி தையல் வேலையைப் பார்ப்போம். முதலில் மேலங்கி. கல் கொத்துபவர் உடைக்கு மேல் இடுப்பில் கட்டும் தோல் அங்கியின் நினைவாகப் பிரீமேசன்கள் கூட்டங்களில் வெள்ளை மேலங்கி அணிவார்கள். ஆட்டுக்குட்டித் தோலினாலோ, பட்டினாலோ, துணியினாலோ அது அமையும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இவற்றுள் பலவற்றை வீட்டிலேயே செய்தனர். சில மையால் வரைந்தவை, சில வண்ணம் தீட்டியவை, சில பட்டுநூல், ஜரிகை, சமிக்கி ஆகியவை கொண்டு பூவேலை செய்தவை. சூரியன், சந்திரன், ஏழு நட்சத்திரங்கள், இரண்டு தூண்கள், கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் உள்ள தரை ஆகியவை இந்த மேலங்கிகளில் வழக்கமாக இடம்பெறும்.

மேலங்கிகளிலே நமக்கு மிகவும் சுவையானது ஒன்று உண்டு. எல்கானா வாட்சன் என்ற அமெரிக்க வணிகர் பிரான்சு நாட்டின் நாந்து நகரில் வாணிகம் செய்துவந்தார். அமெரிக்க விடுதலைப் போர் முடியும் தறுவாயில், தளபதி வாஷிங்டனுக்கு ஒரு மரியாதை செய்ய அவரும் அவருடைய பிரெஞ்சுக் கூட்டாளியும் விரும்பினர். அமெரிக்கக் கொடியும் பிரெஞ்சுக் கொடியும் இணைந்திருக்குமாறு ஒரு பிரீமேசன் மேலங்கியைத் தயாரிக்க ஏற்பாடு செய்தனர். அதைத் தைத்தவர்கள் யார் தெரியுமா? நாந்து நகரின் ஒரு கன்னியர் மடத்துச் சகோதரிகள்! வாட்சனே இதைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். பரிசைப் பெற்ற வாஷிங்டன் 1782 ஆகஸ்ட் 10ஆம் நாளிட்டு நன்றிக் கடிதம் எழுதினார்.

இதில் ஒரு வியப்பு உண்டு. கத்தோலிக்கர் பிரீமேசன் சங்கத்தில் சேரக்கூடாது என்று பாப்பரசர் 12ஆம் கிளெமெந்து 1738ஆம் ஆண்டிலேயே தடை விதித்திருந்தார். அத்தடை 1983இலும் உரோமையால் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. அவ்வாறிருக்க மடத்துச் சகோதரிகள் கவராயத்தையும் மூலைமட்டத்தையும் தைக்க நேர்ந்தது எப்படி? அக்காலத்துப் பிரெஞ்சு மடங்கள் பல பூவேலையால் கிடைத்த வருவாயில் வாழ்க்கை நடத்தின. பீடத் துணிகளுக்கும் குருக்களின் திருவுடைகளுக்கும் ஜரிகை வேலை செய்து தேர்ந்த கைகள் அவை. அத்தகைய நுட்பமான வேலை வேண்டுவோர் மடத்தின் வாசலைத்தான் தட்ட வேண்டியிருந்தது. கொண்டுவந்தவர் காட்டிய வரைபடத்தைப் பார்த்து ஊசியில் நூல் கோத்தபோது அச்சகோதரிகள் தமக்குள் என்ன பேசிக்கொண்டார்களோ!

சின்னங்கள் இரகசியமானவை என்றால், வெளியே இருந்த பெண்கள் அவற்றை எப்படி அறிந்தார்கள் என்று தோழியர் கேட்கலாம். உண்மையில் இரகசியமாக இருந்தவை கைகுலுக்கும் முறை, அடையாளச் சொல், சடங்கு ஆகியவையே. சின்னங்களை ஒளிக்கவில்லை. ஜெரமி கிராஸ் என்பவர் 1819இல் நியூ ஹேவன் நகரிலிருந்து ஒரு பிரீமேசன் படவிளக்க நூலை வெளியிட்டார். அதிலுள்ள படங்களைச் செம்புத் தகட்டில் செதுக்கியவர் அமோஸ் டூலிட்டில். அந்த நூலின் படங்கள் நாடெங்கும் பரவின. மண்பாண்டத்திலும், விளம்பரப் பலகையிலும், கல்லறைக் கல்லிலும், மேலங்கியிலும் அவற்றையே பார்த்து வரைந்தார்கள். நாம் தையல் புத்தகத்துப் பூவைக் கார்பன் தாள் வைத்துத் துணியில் எடுப்பது போலத்தான்.

அந்தப் படங்களில் ஒன்று எங்கள் வகுப்பில் யாவரும் அறிந்ததே. செங்கோண முக்கோணம் ஒன்றும் அதன் மூன்று பக்கங்களிலும் மூன்று சதுரங்களும்! யூக்ளிடின் முதல் நூலில் 47ஆம் தேற்றம், அதாவது நாம் பித்தாகரஸ் தேற்றம் என்று படிப்பது, பிரீமேசன் சின்னங்களுள் ஒன்றாகும். கணக்குத் தேர்வு நெருங்கினால் முதலில் காணாமற் போவது தையல் வகுப்பே. அந்தத் தேற்றத்தையே துணியில் தைத்த பெண்கள் இருந்திருக்கிறார்கள் என்பதைக் கணக்கு ஆசிரியையின் பார்வைக்குப் பணிவுடன் வைக்கிறோம்.

1826இல் நியூயார்க் மாநிலத்தின் பட்டேவியா என்னும் ஊரில் வில்லியம் மார்கன் என்பவர், பிரீமேசன் இரகசியங்களை வெளியிடப் போவதாக அறிவித்த பின் காணாமற் போனார். மக்கள் கொதித்தெழுந்தனர், அச்சங்கத்தை எதிர்ப்பதற்கென்றே ஓர் அரசியல் கட்சி தோன்றியது. பல மன்றங்கள் மூடப்பட்டன. அதன்பின் வந்த ஆண்டுகளில் வேகமாக வளர்ந்தது ஆட்பெலோஸ் சங்கமே. ஆகவே 1840க்குப் பிந்திய போர்வைகளில் மூன்று வளையங்களை அடிக்கடி காண்கிறோம்.

இப்போர்வைகளைக் குவில்ட் என்பார்கள். மேலே அலங்காரத் துணி, நடுவில் பஞ்சு, கீழே சாதாரணத் துணி என்று மூன்று அடுக்கு வைத்து, மூன்றும் சேரும்படி நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டால் குவில்ட் ஆகிறது. குளிர் நாட்டில் அது ஆடம்பரப் பொருளன்று, அவசியப் பொருள். மேல் துணியை இரண்டு வகையாகச் செய்யலாம். துண்டுத் துணிகளை ஓரத்தோடு ஓரம் இணைப்பது ஒரு வகை. சிறு குடும்பங்கள் பழைய துணி கொண்டு செய்தது பெரும்பாலும் இதுவே. சங்கிலிபோல் குறுக்காகச் செல்லும் ஒரு மாதிரிக்கு 'ஆட்பெலோஸ் சங்கிலி' என்றே பெயர் உண்டு. மற்றொன்று, பூவையும் பறவையையும் வண்ணத் துணியில் வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, வெள்ளைத் துணியின்மேல் வைத்து மறைதையலால் பொருத்துவது. இதற்கு அப்ளிக் வேலை என்று பெயர்.

அப்ளிக் வேலையின் சிகரம் என்று கூறத்தக்கவை பால்டிமோர் ஆல்பம் போர்வைகள். ஏறக்குறைய 1845 முதல் 1855 வரை, பத்தே ஆண்டுகளில், பால்டிமோர் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இவை பெருகின. ஆல்பம் என்ற பெயர் பொருத்தமானதே. ஒவ்வொரு சதுரமும் ஆல்பத்தின் ஒரு பக்கம் போன்றது. 25 சதுரங்கள் கொண்ட போர்வைகள் பல உண்டு. ஒரு சதுரத்தில் ரோஜா மாலை, அடுத்ததில் பழக்கூடை, அதற்கடுத்ததில் அமெரிக்கக் கழுகு, இன்னொன்றில் நகரின் வாஷிங்டன் நினைவுத்தூண், மற்றொன்றில் 1846இல் மெக்சிகோ போரில் மாண்ட மேஜர் ரிங்கோல்டுக்கு நினைவுச் சின்னம். துருக்கிச் சிவப்பு, பிரஷ்ய நீலம், பச்சை, மஞ்சள் ஆகிய வண்ணங்கள் வெள்ளைத் தரையில் பளிச்சிடும். ரோஜா இதழுக்கு நிழல் காட்ட வேண்டுமானால், ஒரே துணியில் அடர்த்தியிலிருந்து வெளிர் நிறத்துக்கு மாறும் இடமாகப் பார்த்து வெட்டி எடுப்பார்கள். தூரிகை இல்லாமலே ஓவியம் தீட்டும் சாமர்த்தியம் இது!

ஊர் மாறிச் செல்லும் போதகருக்கு, மணப்பெண்ணுக்கு, தொலைதூரம் குடிபெயரும் தோழிக்கு என்று பலர் சேர்ந்து ஆளுக்கொரு சதுரம் தைத்துக் கொடுப்பார்கள். சதுரத்தின் நடுவில் மையால் பெயரும் எழுதப்படும். ஆட்பெலோஸ் சங்கம் பிறந்த ஊரே பால்டிமோர் அல்லவா? ஆகவே இப்போர்வைகளின் ஒன்றிரண்டு சதுரங்களில் மூன்று வளையங்களும், இதயம் தாங்கிய கையும், சில சமயம் பிரீமேசன் சின்னமும் ரோஜாக்களுக்கு இடையே அமர்ந்திருக்கும். வேறு சில போர்வைகளிலோ சங்கச் சின்னங்களே முழுவதையும் நிரப்பியிருக்கும்.

சின்னங்களின் பொருளை மறைநூல் அறிந்தவர்கள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள். ஆட்பெலோஸ் போர்வைகளில் வில்லும் அம்பறாத்தூணியும் வரும். இது போருக்குரியதன்று. சவுல் அரசன் தாவீதைக் கொல்லத் தேடியபோது, யோனத்தான் வயல்வெளியில் அம்பெய்து தன் நண்பனுக்கு அபாயத்தை உணர்த்தினான் அல்லவா, அந்த அம்புகள் இவை. நட்புக்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைப்பது அரிது. கையில் வைத்த இதயம், கொடுப்பதை மனமாரக் கொடு என்று சொல்கிறது. ஒன்றாகக் கட்டிய குச்சிகளைப் பற்றி நாம் விளக்கவே வேண்டியதில்லை. சண்டையிட்ட மக்களைத் திருத்த ஒரு தகப்பன் சுள்ளிக்கட்டு கொண்டுவந்த கதையைக் கீழ் வகுப்பிலேயே படித்துவிட்டோம். கோடரி காடு திருத்தி வழி அமைப்பதைக் குறிக்கும். தேன்கூடு உழைப்பு. எல்லாம் காணும் கண் இறைவனுடைய கண். அது சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று, 1782இல் அமைந்த அமெரிக்க அரசு முத்திரையிலும் உண்டு.

இந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. கண்ணையோ தேன்கூட்டையோ கண்டவுடன் இது சங்கத்தின் போர்வை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தேன்கூடு இரு சங்கத்தாருக்கும் பொது. உழைப்பைப் போற்றும் எந்த வீட்டிலும் அதைத் தைத்திருக்கலாம். கையும் இதயமும் காதல் வாழ்த்து மடல்களிலும் வெட்டி ஒட்டப்பட்டன. மூன்று வளையங்கள் இருந்தாலோ, கவராயத்துக்கும் மூலைமட்டத்துக்கும் இடையே ஆங்கில 'ஜி' எழுத்து இருந்தாலோதான் உறுதியாகக் கூறலாம்.

பெண்கள் என்றென்றும் வெளியிலேயே நிற்கவில்லை. 1851இல் ஆட்பெலோஸ் சங்கம் பெண்களுக்காக ரெபேக்கா என்னும் படியை ஏற்படுத்தியது. அதற்குரிய சடங்கை எழுதியவர் ஸ்கைலர் கோல்பாக்ஸ். இவர் 1869 முதல் 1873 வரை அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக விளங்கினார். கிணற்றடியில் அந்நியனுக்கும் அவன் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் மொண்டு கொடுத்த ரெபேக்காவின் பெயரைத் தேர்ந்தெடுத்தது நன்றாகவே இருக்கிறது. தேன்கூடு, புறா, வெள்ளை லீலி, பிறையுடன் ஏழு நட்சத்திரங்கள் ஆகியவை இவர்களின் சின்னங்கள். முதலில் உறுப்பினரின் மனைவியருக்கு மட்டுமே இருந்த இடம் பின்னர் விரிந்தது. நோயாளிகளைப் பார்ப்பதும், அநாதை இல்லங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பொருள் திரட்டுவதும் இவர்கள் பங்காயிற்று. பொருள் திரட்ட அவர்கள் கைக்கொண்ட வழி என்ன? மீண்டும் ஊசிதான். சிறு காசு கொடுத்தவர்களின் பெயர்களையெல்லாம் வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் தைத்துப் போர்வையாக்கி, அதையும் ஏலத்தில் விட்டுவிடுவார்கள். மாதா கோயில் திருவிழாவில் ஏலம் பார்த்தவர்களுக்கு இதன் பயன் புரியும்.

பிரீமேசன் குடும்பப் பெண்களுக்கு 1850ஆம் ஆண்டளவில் மிசிசிப்பி மாநிலத்து ஆசிரியர் ராப் மாரிஸ் 'கீழ்த்திசை விண்மீன்' என்னும் அமைப்பை வகுத்தார். இதன் சின்னம் ஐந்து முனை விண்மீன். ஒவ்வொரு முனைக்கும் ஒரு நிறமும் மறைநூல் பெண்மணி ஒருவரும் உண்டு. நீலம் இப்தாவின் மகளுக்கு, மஞ்சள் கதிர் பொறுக்கிய ரூத்துக்கு, வெள்ளை எஸ்தர் அரசிக்கு, பச்சை பெத்தானியா ஊர் மார்த்தாவுக்கு, சிவப்பு எலெக்டாவுக்கு. இப்தா மகளின் பெயரை மறைநூல் கூறவில்லை. இவர்களே ஆதா என்று பெயரிட்டுக்கொண்டனர். எலெக்டா என்பது யோவானின் இரண்டாம் திருமுகத்தில் வாழ்த்துப் பெறும் பெருமாட்டியிடமிருந்து வந்தது. இந்த ஐந்து நிற விண்மீன் பின்னாளைய போர்வைகளிலும் மேசை விரிப்புகளிலும் தாராளமாக இடம்பெற்றது. ஐந்து முனை விண்மீனைச் சுருக்கமில்லாமல் அப்ளிக் செய்வது எவ்வளவு கடினம் என்பதை ஒரு முறை செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். முனையில் துணி பிரிந்துவிடும். உள்மடிப்பில் நூல் தெரியும்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் இவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டியிருந்தது. 1894இல் உரோமையிலிருந்து வந்த ஆணை ஆட்பெலோஸ் சங்கத்தையும் தடை செய்தது. ஆனால் தடை மட்டும் விதவைக்குச் சோறு போடாது என்பதை முன்கூட்டியே உணர்ந்த குருவானவர் ஒருவர் இருந்தார். கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் தூய மரியன்னை பங்கில் பணியாற்றிய மைக்கேல் மெக்கிவ்னி அடிகளார் 1882இல் கொலம்பஸ் வீரர்கள் சங்கத்தைத் தொடங்கினார். உழைப்பாளிகளான கத்தோலிக்க ஆடவர் இறந்தால் அவர்கள் குடும்பம் சிதறாமல் காப்பதே அதன் முதல் நோக்கம். 2020இல் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் அளிக்கப்பட்டது. இச்சங்கத்தின் சின்னத்தைச் சிலுவையோடு அமைத்தனர். அதன் கேடயத்திலும் ஒரு நங்கூரமும், கோடரியோடு சேர்த்துக் கட்டிய கோல்கட்டும் உள்ளன. பயம் ஒன்றாக இருந்ததால் உருவங்களும் ஒன்றையொன்று ஒத்துப்போயின போலும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீட்டுத் தையல் குறைந்துவிட்டது. ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரின் எம்.சி. லில்லி போன்ற கம்பெனிகள் மேலங்கி, கொடி, வாள், தொப்பி எல்லாவற்றையும் விலைப்பட்டியலோடு அஞ்சலில் அனுப்பத் தொடங்கின. அத்தகைய பட்டறைகளிலும் ஊசி பிடித்தோரில் பெண்கள் பலர். ஆனால் இப்போது அவர்கள் தைத்தது முன்பின் அறியாத ஒருவனுக்காக.

வீட்டில் எஞ்சியது ரிப்பன். சங்கக் கூட்டங்களில் மார்பில் குத்திக்கொள்ளும் பட்டு ரிப்பன்கள் சிலவற்றுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் சிவப்போ நீலமோ, பொன்னெழுத்துடன். அது ஊர்வலத்துக்கும் விருந்துக்கும். திருப்பினால் மறுபக்கம் கறுப்பு. அது சகோதரன் ஒருவனின் சவ அடக்கத்துக்கு. 1880களில் பட்டுத் துண்டுகளை ஒழுங்கின்றி இணைத்து, இணைப்பெங்கும் பூத்தையல் போடும் கிறுக்குப் போர்வைகள் நாகரிகமாயின. அவற்றில் தந்தையின், கணவனின் ரிப்பன்களையும் சேர்த்துத் தைத்தார்கள். தைக்கும்போது வண்ணப் பக்கத்தை மேலே வைத்துக் கறுப்புப் பக்கத்தை உள்ளே மறைத்துவிடலாம்.

இவற்றைக் காப்பது எளிதன்று. அக்காலத்து வணிகர்கள் பட்டின் எடையைக் கூட்ட உலோக உப்புகளில் நனைத்து விற்றார்கள். அந்த உப்பே பட்டை உள்ளிருந்து அரித்து, மடிப்பு மடிப்பாக வெடிக்கச் செய்கிறது. ஆகவே 1840களின் பருத்திப் போர்வை நன்றாயிருக்க, அதற்கு 40 ஆண்டு பிந்திய பட்டுப் போர்வை தொட்டால் உதிர்கிறது. இரும்புச் சத்துள்ள சாயத்தால் ஏற்றிய கறுப்பும் பழுப்பும் துணியைத் தின்றுவிடும். மாசசூசெட்ஸ் மாநிலத்து லெக்சிங்டனில் 1975 முதல் இயங்கும் பிரீமேசன் அருங்காட்சியகத்திலும், நியூயார்க் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்திலும் இத்தகைய துணிகள் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. வெளிச்சம் படாமல், அதிகம் மடிக்காமல் வைத்திருந்து, சிறிது காலமே காட்சிக்கு வைப்பது அருங்காட்சியகங்களின் வழக்கம்.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆல்பம் போர்வைகளின் சதுரங்களில் ஆண்களின் பெயர்களும் உண்டு; தைத்தவள் ஒருத்தி, எழுதப்பட்ட பெயர் அவள் கணவனுடையதாகவோ தமையனுடையதாகவோ இருக்கும். பல சமயம் அழகிய கையெழுத்துள்ள ஒருவரே எல்லாப் பெயர்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல மை கிடைத்தவர்களின் எழுத்து இன்றும் தெளிவாக இருக்கிறது. இரும்பு கலந்த பழைய மையால் எழுதிய இடங்களில் மை துணியை அரித்துவிட்டது. சுற்றிலும் ரோஜாக்களும் மூன்று வளையங்களும் அப்படியே இருக்க, நடுவில் பெயர் இருந்த இடத்தில் எழுத்து வடிவத்தில் ஓட்டைகள் மட்டும் தெரிகின்றன.